91 கிட்டார், ஒரு ஈட்டி மரம், என் முதல் இஎம்ஐ



"இது செலவு இல்லப்பா, முதலீடு. நல்ல கிட்டார் பழசாக ஆக விலை ஏறும்." 2013-ல என் அப்பாவிடம் நான் போனில் சொன்னது இது. அப்போது எனக்குச் சம்பளம் 18,500 ரூபாய். வேலை சென்னையில், வீடு ஆண்டிபட்டியில். அப்பா தறிக்காரர். நான் வாங்கியது ஒரு கம்பெனியின் ஃப்ளாக்‌ஷிப் மாடல், விலை 42,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 12 மாத இஎம்ஐ, மாதம் 3,800 ரூபாய் சொச்சம்.

நாலாவது மாதம் அப்பாவுக்கு நூல் வாங்கப் பணம் தேவைப்பட்டது. என் கையில் இல்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. எனக்கு அந்த விஷயம் தெரியவே ஆறு மாதம் ஆனது. இரண்டு வருஷம் கழித்து அந்த "முதலீட்டை" 15,000 ரூபாய்க்கு விற்றேன்.

நான் முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விஷயமே. பழைய கிட்டார்கள் நிஜமாகவே லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அப்படியானால் என் கணக்கு எங்கே தப்பியது? அது புரிய, உலகத்தில் கிட்டார் சேகரிப்பவர்கள் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு கிட்டாரின் கதையைப் பார்ப்போம். மார்ட்டின் டி-45. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

போர்க்கப்பல் பேரில் ஒரு கிட்டார்

சி.எஃப். மார்ட்டின் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன தச்சுக் குடும்பத்துக்காரர். 1833-ல் நியூயார்க்கில் கடை போட்டார். சில வருஷத்தில் பென்சில்வேனியாவில் இருக்கும் நாசரேத் என்ற சின்ன ஊருக்கு மாறினார். கம்பெனி இன்றைக்கும் அந்த ஊரில்தான், அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கிட்டார் எல்லாம் சின்னது, வீட்டு ஹாலில் உட்கார்ந்து வாசிப்பதற்கானது. 1916-ல் பாஸ்டனில் இருந்த டிட்சன் என்ற இசைக்கருவிக் கடைக்காக மார்ட்டின் ஒரு பெரிய உடம்பு கிட்டாரைச் செய்து கொடுத்தது. இடுப்பு அகலம், தோள் அகலம், சத்தம் அதிகம். 1906-ல் பிரிட்டன் கடலில் இறக்கிய எச்.எம்.எஸ். ட்ரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். "ட்ரெட்நாட்" என்ற பெயர் இப்போது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகிவிட்டது. உங்க ஃப்ரெண்ட் ரூமில் மூலையில் சாய்ந்திருக்கும் கிட்டாரும் அநேகமாக இந்த வடிவம்தான்.

1931-ல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரில் ட்ரெட்நாட் விற்க ஆரம்பித்தது. 1933-ல் ஜீன் ஆட்ரி என்ற கௌபாய் பாடகர் வந்து, "இந்தப் பெரிய உடம்பில், உங்களிடம் இருக்கிற உச்சபட்ச அலங்காரத்தோடு ஒன்று வேண்டும்" என்று ஆர்டர் கொடுத்தார். மார்ட்டினின் உச்சபட்ச அலங்காரத்துக்கு எண் 45. விளிம்பு முழுக்க அபலோன் என்ற கடல் சிப்பியை இழைத்துப் பதிப்பது. கழுத்துப் பலகையில் அவர் பெயரையே பதித்தார்கள். அதுதான் முதல் டி-45. இப்போது லாஸ் ஏஞ்சலஸில் அவர் பெயரிலேயே இருக்கும் மியூசியத்தில் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கு?

மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். லேசானது, ஆனால் விறைப்பானது. கம்பியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்குவது இதுதான். முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட். கழுத்து மஹோகனி. விரல் வைக்கும் பலகை கருங்காலி.

கண்ணுக்குத் தெரியாத முக்கியமான விஷயம் உள்ளே இருக்கிறது. மேல்பலகையின் அடியில் எக்ஸ் வடிவத்தில் மரப்பட்டைகள் ஒட்டியிருப்பார்கள். கம்பியின் இழுவையில் பலகை வளையாமல் தாங்குவது அதன் வேலை. அந்தக் கால டி-45-ல் இந்தப் பட்டைகளை ஆங்காங்கே செதுக்கி மெலிதாக்கினார்கள். மெலிதானால் பலகை நன்றாக அதிரும், அடித்தொண்டைச் சத்தம் கனமாக வரும். ஆனால் கம்பி தடிமனானால் பலகை வீங்கும் அபாயமும் கூடும். வாரண்டி வேலை கூடியதால் 1944 வாக்கில் மார்ட்டின் இந்தச் செதுக்கலை நிறுத்திவிட்டது. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது அந்தச் செதுக்கிய பட்டைக் கிட்டாரைத்தான். கம்பெனி குறையென்று நினைத்து நிறுத்தியது, பின்னால் பெருமையாகிவிட்டது.

விற்காததால்தான் அரிதானது

1933-லிருந்து 1942 வரை மார்ட்டின் செய்த டி-45 மொத்தம் 91. ஒன்பது, பத்து வருஷத்தில் 91 என்றால் வருஷத்துக்குப் பத்துகூட இல்லை. "விலை ஏறட்டும்" என்று யாரும் திட்டம் போட்டுக் குறைத்துச் செய்யவில்லை. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் ஓடிக்கொண்டிருந்த காலம். கேட்டலாக்கில் இருந்ததிலேயே விலை உயர்ந்த ட்ரெட்நாட்டை வாங்க ஆளில்லை. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. அதோடு டி-45 நின்றது.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல் அது வெறும் "பழைய கிட்டார்". 1960-களில் அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாட்டு அலை அடித்தபோதுதான் பழைய மார்ட்டினை எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். கிடைக்காதவர்கள் டி-28 என்ற கீழ் மாடலை வாங்கி, சிப்பி பதிக்கத் தெரிந்த கைவினைஞர்களிடம் கொடுத்து டி-45 மாதிரி மாற்றிக்கொண்டார்கள். அப்படிப் பதித்துக் கொடுத்த மைக் லாங்வொர்த் என்பவரையே மார்ட்டின் வேலைக்கு எடுத்துக்கொண்டு, 1968-ல் டி-45-ஐத் திரும்பக் கொண்டுவந்தது.

இன்றைக்குப் போருக்கு முந்திய டி-45 ஒன்று சந்தைக்கு வந்தால் பேரமே லட்சக்கணக்கான டாலரில்தான். ஆனால் இந்த விலை ஏற்றத்தில் எதை முதல் நாள் வாங்கியவரால் கணித்திருக்க முடியும்? மந்தத்தையா, போரையா, முப்பது வருஷம் கழித்து வரப்போகும் பாட்டு அலையையா? வாங்கியவர்கள் வாசிக்க வாங்கினார்கள். அவ்வளவுதான்.

நம்ம மலை மரம் உள்ளே வந்த கதை

திரும்ப வந்த டி-45-க்கு ஒரு வருஷத்துக்குள் புதுச் சிக்கல். பிரேசில் தன் ரோஸ்வுட்டை முழு மரமாக வெளியே அனுப்புவதைத் தடுத்தது. இருந்த சரக்கில் இருநூற்றுச் சொச்சம் கிட்டார் செய்ததோடு சரி. 1969 முடியும்போது மார்ட்டின் வேறு மரத்துக்கு மாறியது. அதுதான் இந்தியன் ரோஸ்வுட். தாவரவியலில் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. நம்ம ஊரில் ஈட்டி, தோதகத்தி.

வீட்டில் தாத்தா காலத்துக் கட்டிலோ, பீரோவோ கருஞ்சிவப்பில், கோடு கோடாக, தூக்க முடியாத கனத்தில் இருந்தால், அது ஈட்டியாக இருக்கலாம். ஆண்டிபட்டிக் கணவாயிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைத் தொடர்தான் இதன் தாய்வீடு. கடந்த ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உலகத்தின் உயர்ரகக் கிட்டார்களில் பெரும்பகுதிக்கு முதுகு கொடுத்தது இந்த மரம்தான்.

அதுவும் குறைந்துகொண்டே வந்தது. 1994-ல் தமிழ்நாடு அரசு ஈட்டி மரத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. உங்க பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது என்பது அதன் சாரமாக இருந்தது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில், பிரேசில் ரோஸ்வுட் 1992-ல் கடுமையான முதல் பட்டியலுக்குப் போனது. 2017-ல் மற்ற ரோஸ்வுட் வகைகள் எல்லாம் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. கிட்டார் கம்பெனிகளும் இசைக் கலைஞர்களும் தவித்துப் போனார்கள். 2019-ல் தயாராகிவிட்ட இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

பர்சனல் ஃபைனான்ஸ் கண்ணோட்டத்தில் இதை யோசித்துப் பாருங்க. லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள பழைய டி-45 உங்களிடம் இருந்தாலும், பெர்மிட் இல்லாமல் அதை ஒரு நாட்டு எல்லை தாண்டி விற்க முடியாது. விலை இருக்கிறது, ஆனால் நினைத்த நேரத்தில் பணமாக்க முடியாது. இதைத்தான் லிக்விடிட்டி ரிஸ்க் என்கிறோம். மியூச்சுவல் ஃபண்டை விற்றால் சில நாளில் பணம் கணக்குக்கு வரும். அம்மாவின் தோட்டுக்கு அடகுக் கடையில் அரை மணி நேரத்தில் பணம் கிடைத்தது. என் கிட்டாருக்கு வாங்க ஆள் பிடிக்கவே மூன்று மாதம் ஆனது.

தோற்றுப்போன மாடல், 60 லட்சம் டாலர்

"அரிதாக இருந்தால் போதும்" என்று நினைத்தால், இன்னொரு மார்ட்டின் கதை கேளுங்க.

1950-களின் கடைசியில் எலெக்ட்ரிக் கிட்டார் சூடு பிடித்தபோது, மார்ட்டின் தன் டி-18 மாடலில் பிக்கப்பைப் பொருத்தி டி-18ஈ என்று விட்டது. மேல்பலகையில் கனமான இரும்பைப் பொருத்தியதால் இயல்பான சத்தமும் கெட்டது, எலெக்ட்ரிக் சத்தமும் சரியாக வரவில்லை. 302 செய்ததோடு நிறுத்திவிட்டார்கள். அதில் 1959-ல் செய்த ஒன்றை நிர்வானா இசைக்குழுவின் கர்ட் கோபேன் ஒரு கடையில் 5,000 டாலருக்கு வாங்கினார். 1993 நவம்பரில் எம்டிவி அன்ப்ளக்டு நிகழ்ச்சியில் அதைத்தான் வாசித்தார். 2020 ஜூனில் அது ஏலத்தில் 60 லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 45 கோடி ரூபாய்.

மிச்சம் இருக்கும் 301 கிட்டாரும் அதே மரம், அதே டிசைன், அதே அரிது. அவற்றுக்கு அந்த விலை இல்லை. ஏலத்தில் விலை போனது மரம் இல்லை, அதை வாசித்த ஆள். நியூஸில் வருவது அந்த ஒரு கிட்டார்தான். மற்ற 301-ஐப் பற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. முதலீட்டு உலகில் இதற்கு சர்வைவர்ஷிப் பயஸ் என்று பெயர். ஜெயித்ததை மட்டும் எண்ணி, தோற்றதைக் கணக்கில் விடுவது. ஒரே ஷேர் நூறு மடங்கு ஆன கதையை மட்டும் கேட்டுவிட்டு டீமேட் கணக்கு திறப்பதும் இதே தப்புதான்.

என் கணக்கு எங்கே தப்பியது?

நான் வாங்கியது நடப்பு உற்பத்தியில் இருக்கும் மாடல். ஆயிரக்கணக்கில் செய்வார்கள், அடுத்த வருஷமும் செய்வார்கள். டி-45-ம் இன்றைக்குப் புதிதாகக் கிடைக்கிறது, பத்தாயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் 1930-களின் 91-ல் அது ஒன்று ஆகாது. "ஃப்ளாக்‌ஷிப்" என்ற சொல் விலையைச் சொல்கிறது, அரிதை இல்லை. உங்க ஃப்ளாக்‌ஷிப் போன் இரண்டு வருஷத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, பராமரிப்பு. நல்ல மரக் கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருக்க வேண்டும். சென்னைக் கடற்காற்றில் ஊறிய கிட்டாரை நான் ஒரு மே மாதம் ஆண்டிபட்டிக்குக் கொண்டுபோய், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சுவரில் சாய்த்துவிட்டேன். பிரிட்ஜ் தூக்கிக்கொண்டது, மேல்பலகை வீங்கியது. ரிப்பேருக்கு ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி போனது.

மூன்றாவது, வரி. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கிட்டாரை நஷ்டத்துக்கு விற்றால், அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் எதற்கும் எதிராகக் கழிக்க முடியாது.

நான்காவது, கடன். இதைக் கொஞ்சம் எண்ணோடு பார்ப்போம். 1,50,000 ரூபாய்க் கிட்டாரை 16 சதவீத வட்டியில் பர்சனல் லோன் போட்டு 24 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இஎம்ஐ சுமார் 7,344 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 1,76,300. வட்டி மட்டும் 26,300. அதாவது வாங்கிய பொருள் 17 சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும்.

அதே 7,344 ரூபாயை 6.5 சதவீத ஆர்டியில் போட்டால் 20 மாதத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். கடனில் 24 மாதம், சேமிப்பில் 20 மாதம். காத்திருந்தால் நான்கு இஎம்ஐ மிச்சம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே?" என்று கேட்பீர்கள். அதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் ப்ராசசிங் ஃபீயும் பெரும்பாலும் உங்க பில்லில் வரும். முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியும் போகும். பட்டனை அமுக்கும் முன் இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

அப்போ கிட்டார் எப்போ சொத்து?

என் அப்பாவும் கடன் வாங்கித்தான் தறி போட்டார். தறியின் விலையும் வருஷா வருஷம் குறையத்தான் செய்தது. ஆனால் அது வாரா வாரம் சேலை கொடுத்தது, சேலை கூலி கொடுத்தது. என்னைப் படிக்க வைத்தது அந்தக் கூலிதான். தறிக்கும் என் கிட்டாருக்கும் இதுதான் வித்தியாசம்.

கிட்டார் தறி மாதிரி உழைத்த கதையும் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஊர் ஊராகப் போனவர். சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். மற்ற இசையமைப்பாளர்களின் குழுவில் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அந்த வருஷங்களில் மதிப்பு ஏறியது கையில் இருந்த கிட்டாருக்கு இல்லை, கைக்கு.

அதனால் வாங்கும் முன் இந்த மூன்று கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது எனக்குப் பணம் சம்பாதித்துத் தருமா? க்ளாஸ் எடுக்கிறேன், கச்சேரிக்குப் போகிறேன் என்றால் இது தொழில் கருவி. வருமானத்தைக் கணக்குப் போட்டு, அதற்குள் அடங்கும் கடன் வாங்கலாம்.

2. இல்லையென்றால், முழு விலையையும் இன்றைக்கே செலவாக எழுதத் தயாரா? நாளைக்கு விற்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டும் வாங்கத் தோன்றினால், சந்தோஷமாக வாங்குங்கள். மனசுக்குப் பிடித்ததற்குச் செலவு செய்வது தப்பே இல்லை. அதற்கு "முதலீடு" என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

3. அவசர நிதி தனியாக இருக்கிறதா? ஆறு மாதச் செலவுக்கான பணம், அதோடு வீட்டுக்கு அனுப்பும் பணம். இது இரண்டும் தொடாமல் இருக்க வேண்டும்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர் என்றால் மாதம் 1,000 ரூபாய் ஆர்டி போடுங்கள். ஒரு வருஷத்தில் 12,000-மும் வட்டியும். ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். அந்த ஒரு வருஷமும் ஃப்ரெண்டின் கிட்டாரிலேயே பழகுங்கள். விரல் நுனி காய்த்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

இப்போது என்னிடம் ஒரு கிட்டார் இருக்கிறது. 14,000 ரூபாய், ரொக்கம் கொடுத்து வாங்கியது, முதுகு ஈட்டி மரம் இல்லை, ஒட்டுப்பலகைதான். வாசிக்கிறேன். அம்மாவின் தோட்டைத் திருப்ப 14 மாதம் ஆனது. அந்த 14 மாதமும் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்களும் "முதலீடு" என்று வீட்டில் சொல்லி வாங்கிய பொருள் ஏதாவது இருந்தால், இன்றைக்கு அதை விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்க. வந்த தொகையைக் கீழே எழுதுங்க. அடுத்த வீடியோவில் தாத்தா காலத்து மரச்சாமான், பழைய நாணயம், தங்கம் மூன்றையும் இதே மாதிரி எண்ணோடு எடுத்துப் பார்ப்போம்.